சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

1

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் ஒரு சின்னக் கட்டத்துக்காக நான் சத்தம் போட்டுவிட்டேன். பதினெட்டு வருஷமாக டொரண்டோவில் மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறேன். ஒருநாளும் அப்படிக் கத்தியது கிடையாது. இங்கே கோபத்தைக்கூட மின்னஞ்சலில், அதுவும் நன்றி என்று முடித்துத்தான் காட்டுவார்கள்.

விஷயம் இதுதான். நூலகத்தில் அங்கத்தவராகச் சேர்வதற்கான படிவம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த டேனியல் திரையைப் போட்டுக் காட்டினான். பெயர், தொலைபேசி, வீட்டு இலக்கம், தெரு. வீட்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தது. அது இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

"அதை எடு" என்றேன்.

"ஏன்? வீட்டு இலக்கம் எல்லாருக்கும் இருக்கும்தானே?" என்றான், ரொம்பச் சாதாரணமாக.

அதற்குப் பிறகு நான் பேசியது எனக்கே முழுதாக ஞாபகம் இல்லை. இல்லாதவன் என்ன செய்வான், வாய்க்கு வந்த இலக்கத்தை எழுதுவான், அதை நீ உண்மை என்று பத்திரப்படுத்தி வைப்பாய், அப்புறம் ஒருநாள் ஆள் சாவான் என்று கத்தியிருக்கிறேன். நூலகப் படிவத்தில் எவன் சாவான்? அறையில் இருந்த ஐந்து பேரும் அவரவர் கோப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் நல்லவன். "அது போகட்டும், உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டான். சொல்ல வாயெடுத்தேன். ஒரு மலைக்கே ஒரே விலாசம் என்பதை அவனுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

2

நான் பிறந்தது பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளியையும் தாண்டி ஏறிப்போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. நாங்கள் மேல்கணக்கு. லயம் என்கிற நீளக் கட்டடத்தில் முன்பக்கம் எட்டுக் காம்பரா, பின்பக்கம் எட்டுக் காம்பரா. ஒரு குடும்பத்துக்கு அப்படி ஒரு அறைதான். எங்களுடையது பின்பக்கம் ஏழாவது. கதவில் இலக்கம் கிடையாது. இன்னார் வீடு என்றால் மலை முழுக்கத் தெரியும், அதற்கு மேல் இலக்கம் எதற்கு?

ஆனால் தபால்காரருக்குத் தெரியாது. அவர் ஏறி வருவது தோட்டத்து ஆபீஸ் வரைக்கும்தான். அடையாள அட்டை, வாக்காளர் பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவானாலும் எங்கள் எல்லாருக்கும் ஆபீஸ்தான் விலாசம். கடிதம் வந்தால் அங்கே மேசையில் கிடக்கும். யாராவது சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

கொழும்பில் கம்பியூட்டர் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு நான் காத்திருந்த காலத்தில், என் அக்கா சரோஜா தினமும் அந்தியில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையை இறக்காமலே ஆபீஸ் ஜன்னலுக்குப் போவாள். "லெட்டர் வந்திருக்காங்க ஐயா?" என்று கேட்பாள். "வந்தா சொல்லமாட்டமா?" என்று கிளாக்கர் எரிந்துவிழுவார். ஒருநாள் அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ரப்பர் போட்டிருந்த கடிதக் கட்டை இழுத்துத் தானே பிரித்துப் பார்த்தாள். என்னுடைய நேர்முகக் கடிதம் அதற்குள் பதினொரு நாளாகக் கிடந்தது. நேர்முகத்துக்கு இன்னும் இரண்டே நாள். நான் இன்றைக்கு இந்தக் குளிர்நாட்டில் உட்கார்ந்து படிவங்களைப் பற்றிப் பெரிய பேச்சுப் பேசுகிறேன் என்றால், அக்கா அந்தக் கட்டைப் பிரித்ததால்தான்.

இந்த நாட்டுக்கு வர விண்ணப்பித்தபோது, அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் குடியிருந்த வீடுகளின் இலக்கமும் தெருவும் கேட்டார்கள். காலியாக விட்டால் படிவம் திரும்பி வரும் என்றார்கள். ஏழாவது காம்பராதானே என்று 7 போட்டேன். தெருவுக்கு எஸ்டேட் ரோட் என்று நானே ஒரு பாதையை வெட்டிவிட்டேன். எந்த அதிகாரியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இல்லாத அந்தத் தெரு இன்றைக்கும் இங்கே ஏதோ ஒரு கோப்பில் நீளமாகக் கிடக்கிறது.

வந்த பிறகும் அதே கதைதான். ஸ்கார்பரோவில் தமிழ்க் கடையில் வாயைத் திறந்தால் "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். "இல்லைங்க, பதுளை" என்பேன். "அங்கையும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்று வெண்டைக்காயை நிறுத்துத் தருவார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

3

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. எதைப் பார்த்தாலும் இதை எவன் இப்படிச் செய்தான் என்று கேட்பேன். எங்கள் வீட்டு மைக்ரோவேவில் இருபத்தாறு பொத்தான் இருக்கிறது, நாங்கள் தொடுவது ஒன்றைத்தான். ரயில் நிலையத்தில் அட்டை வாங்கும் இயந்திரம் கடைசிப் பக்கத்தில்தான் மொழியைக் கேட்கும். மகள் மீராவுக்குப் பதின்மூன்று வயது. என்னோடு கடைக்கு வரவே மாட்டேன் என்கிறாள். "நீங்க எல்லா மெஷினோடயும் சண்ட போடுறீங்க அப்பா" என்பாள். வேறு எதைப் பற்றியும் அவளோடு நான் தமிழில் பேசி வெகுநாள் ஆகிறது.

அந்தக் கிறுக்கில்தான் மழைமணி என்ற செயலியைச் செய்தேன். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பெரிய பெரிய பிரதேசங்களின் பெயரைச் சொல்லி வரும். அது தன் லயத்துக்கா, பக்கத்து மலைக்கா என்று அக்காவுக்குத் தெரியாது. எச்சரிக்கையோடு வருகிற வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு வீடும் அதற்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்து, போனில் ஒரே ஒரு நிறத்தைக் காட்டுகிற செயலி அது. பச்சை என்றால் இருக்கலாம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் கிளம்பு. நானும் இரண்டு நண்பர்களும் சனி ஞாயிறுகளில் எழுதினோம்.

வீடு எங்கே இருக்கிறது என்பதைப் போனே கண்டுபிடிக்கச் செய்திருக்கலாம். நான் வேண்டாம் என்றேன். பகலில் போன் ஆளோடு பதுளைக்குப் போய்விடும், வீடு மலையில் இருக்கும், ஆகவே வீட்டு விலாசத்தைக் கேட்போம் என்று நண்பர்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். வேறொரு வேலைக்கு எழுதிவைத்திருந்த விலாசப் படிவத்தை அப்படியே தூக்கி இதில் வைத்தேன். நட்சத்திரத்தோடு.

அக்காவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"அமுக்குறதுக்கு ஒண்ணுதான் இருக்கா?"

"ஒண்ணுதான்க்கா."

"அப்ப நல்லதுதான்" என்றாள். அதை நான் ஒரு விருதுபோல ஆபீஸில் நாலு பேருக்குச் சொன்னேன்.

தோட்டத்தில் பதிந்து கொடுத்தது பள்ளிக்கூடத்து சாந்தி டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் உட்கார்ந்து, வந்தவர்களின் போனையெல்லாம் வாங்கி ஒவ்வொன்றாகப் பதிந்திருக்கிறார். "அட்ரஸ் என்னா போடுறது டீச்சர்?" "எல்லாரும் போடுறதுதானே, ஆபீஸ் அட்ரஸ்." வீட்டு இலக்கம் இல்லை என்று போட்டால் படிவம் நகரவில்லை. ஒன்று என்று போட்டதும் நகர்ந்தது. அதனால் அத்தனை குடும்பத்துக்கும் ஒன்று. டீச்சர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன். ஒரே நாளில் தொண்ணூற்றாறு குடும்பம் சேர்ந்திருக்கிறது என்று இங்கே திரையில் பார்த்து, அன்றைக்கு நான் பாயசம் வைத்துக் குடித்தேன்.

4

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. இங்கே காலை ஏழு மணி, அங்கே மாலை ஐந்தரை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். மூன்று நாளாகப் பதுளைப் பக்கம் மழை விடவில்லை என்று தெரியும். ஹல்துமுல்லைக்குக் கீழே பாதை மூடியிருக்கிறது என்று செய்தியிலும் பார்த்தேன். மழைமணியைத் திறந்தேன். மேலே உள்ள மலைச்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்திருந்தது. எங்கள் தோட்டத்து வீடுகள் அத்தனையும் பச்சை. சரி, அவர்கள் வெளியே இருக்கிறார்கள், தப்பித்தோம் என்று தேநீர் போடப் போனேன்.

மீரா சோளப்பொரியோடு வந்து என் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, இங்க ஏன் ஒரு புள்ளிதான் இருக்கு?"

"பெருசாக்கிப் பாரு. நெறைய வரும்."

"பெருசாக்கிட்டேன். ஒண்ணுதான். தொண்ணூத்தாறு ஃபமிலியும் ஒரே வீட்டுலயா இருக்காங்க?"

சிரித்துக்கொண்டே திரும்பினேன். அந்தப் புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், கெட்டியான மேட்டில், ரோஜாச் செடிகளுக்கு நடுவே தோட்டத்து ஆபீஸ். தொண்ணூற்றாறு குடும்பத்தையும் நான் ஆபீஸ் மேசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

"அப்ப நிஜமா அவங்க எங்க இருக்காங்க?" என்றாள் மீரா. "அத்தை வீடு எது?"

செய்மதிப் படத்தைப் போட்டேன். தகரக் கூரைகள், வரிசை வரிசையாக, எல்லாம் ஒன்றுபோல. பத்தொன்பது வருஷம் படுத்து எழும்பிய வீட்டை எனக்கு மேலேயிருந்து அடையாளம் தெரியவில்லை. இதுவா, இது இல்லை, இது கீழ்க்கணக்கு என்று புலம்பிக்கொண்டே தேடினேன். கடைசியில் கோயிலைப் பிடித்தேன். கோயிலிலிருந்து தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு மேலே எங்கள் லயம். மீரா எச்சரிக்கை வரைபடத்தை அதற்கு மேலே இழுத்து வைத்தாள். லயம் சிவப்புக்கு நடுவில் இருந்தது. அதற்குப் பின்னால் மலை.

அக்காவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். நான்கு முறை மணி அடித்து நின்றது. ஐந்தாவது முறை எடுத்தாள். பின்னால் மழை தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் குரலே கேட்கவில்லை.

"என்னா தம்பி, இந்நேரத்துல? அடுப்புல சோறு இருக்கு."

"அக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே பள்ளிக்கூடத்துக்குப் போ."

"நீயுமா? இப்பத்தான் தலைவரும் வந்து போங்க போங்கன்னு கத்திட்டுப் போறாரு. நாந்தான் எல்லாருக்கும் சொன்னேன். போன் பச்சையாத்தான் இருக்கு, எந்தம்பி செஞ்சது, யாரும் பயப்புடாதீங்கன்னு. லயத்துல ஒருத்தரும் போகல."

தோட்டத் தலைவர் மழையில் நனைந்து வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். அவரை நம்பிப் போயிருக்க வேண்டிய பதினாறு குடும்பத்தை என் பெயரைச் சொல்லி அக்கா நிறுத்திவைத்திருக்கிறாள்.

"அக்கா, அது தப்பாக் காட்டுது."

"நீ செஞ்சது எப்புடிப்பா தப்பாக் காட்டும்?"

"இல்லக்கா, அந்த அட்ரஸ் கட்டம் இருக்குல்ல, அத வச்சு மேப்புல எடத்தக் கண்டுபுடிக்கும்போது..." என்று தொடங்கினேன். பாவி, அந்த நேரத்திலும் எனக்கு விளக்கம். மீரா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "எக்ஸ்பிளைன் பண்ணாதீங்க அப்பா. போகச் சொல்லுங்க."

"அக்கா, கேளு. நீங்க லயத்துல இருக்கீங்கன்னு போனுக்குத் தெரியாது. எல்லாரும் ஆபீஸ்ல இருக்கீங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. ஆபீஸுக்குத்தான் பச்ச. உங்களுக்குச் செவப்பு."

"ஆபீஸ்லயா?" என்றாள் அக்கா. "நம்ம லெட்டரு மாதிரியா?"

"ஆமாக்கா. செய்தி வந்து ஆபீஸ்லயே கெடக்கு."

அதற்கு மேல் அவளுக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. "ஏய், வெளிய வாங்க எல்லாரும், சோத்த விடுங்க" என்று அவள் கத்தியது கேட்டது. பிறகு லைன் அறுந்துபோனது.

நான் தொண்ணூற்றாறு பெயரையும் தெரிவுசெய்து, ஆபீஸிலிருந்து தூக்கிச் சிவப்புக்கு நடுவில் போட்டேன். கீழ்க்கணக்குக்காரர்களும் ஓடினால் ஓடட்டும், நாளைக்கு என்னைத் திட்டட்டும் என்று நினைத்தேன். திரையில் ஒவ்வொன்றாகச் சிவந்தது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அங்கே எத்தனை போனில் சார்ஜ் இருந்தது, எத்தனை போன் அலறியது, எனக்குத் தெரியாது.

5

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம். அக்காவின் போன், மச்சானின் போன், டீச்சரின் போன் எதுவும் போகவில்லை. மீரா ஒரு தாளில் பதினாறு காம்பராவைக் கட்டம் போட்டு வரைந்தாள். யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னேன். சில காம்பராக்களில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. தெரியாததைக் காலியாக விட்டாள். அவள் எழுதிய தமிழ் எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், திருத்தவில்லை. சாகிறவர்கள் பெயரை எழுதுகிறாளோ என்று மட்டும் ஒரு நினைப்பு வந்து வந்து போனது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்கு டீச்சரின் போனிலிருந்து அக்கா பேசினாள். பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். எல்லாரும். தலைவர் தலையை எண்ணிவிட்டாராம். அவர்கள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் லயத்துக்குப் பின்னால் மண் வந்திருக்கிறது. பின்பக்கத்தில் கடைசி நான்கு காம்பரா இல்லை. எங்கள் ஏழாவதும் இல்லை.

"சோறு அடுப்புலயே போச்சு" என்றாள். அதற்கு அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். "அழுவாத தம்பி, மீரா பாக்கப் போறா" என்றாள்.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மழைமணியால்தான் தப்பினோம் என்று டீச்சர் குரல் பதிவு அனுப்பினார். நண்பர்கள் அதை எல்லாருக்கும் அனுப்பலாம் என்றார்கள். அனுப்பக் கூடாது என்று சண்டை போட்டேன். அவர்கள் தப்பியது மழைமணியை நம்பாமல் விட்ட பிறகுதான். கெட்டுப்போன இயந்திரம் நின்றுபோனால் ஆள் சுதாரித்துக்கொள்வான். நான் செய்தது பளிச்சென்று பச்சையாக நின்றுகொண்டு பொய் சொன்னது. அடுத்தவன் படிவத்தைப் பார்த்துச் சிரித்த நான், ஆபீஸ் ஜன்னலில் அக்கா நின்ற நிற்பை மறந்து, அதே கட்டத்தை அவளுக்கே வைத்திருக்கிறேன். அந்த மலையிலிருந்து வந்தவன் ஒருவன் இருந்தும் இது நடந்தது என்பதை டேனியலிடம் எப்படிச் சொல்வேன்?

6

விலாசக் கட்டத்தை மறுநாளே வெட்டி எறிந்தேன். இப்போது வீட்டு வாசலில் நின்று ஒருமுறை அமுக்கினால் போதும், அந்த இடத்தைப் போன் பிடித்துக்கொள்ளும். அக்கா குடும்பம் தை மாதம் வரைக்கும் பள்ளிக்கூடத்திலும், பிறகு கோயிலுக்குக் கீழே போட்டுக் கொடுத்த தற்காலிகக் கொட்டிலிலும் இருந்தது. கொட்டில் வாசலில் நின்று அமுக்கச் சொன்னேன். அமுக்கினாள். இங்கே என் திரையில் புள்ளி சரியான இடத்தில் வந்து விழுந்தது.

"இப்பச் சரியா இருக்குக்கா. நீ எங்க இருக்கன்னு அதுக்குத் தெரியும்."

"சரி தம்பி" என்றாள். பிறகு மெதுவாக, "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. பச்ச காட்டினாலும் மழ பேஞ்சா நான் வெளிய போயி மண்ண ஒருக்கா பாத்துக்கிறேன். தண்ணி கலங்கலா வருதா, செவுரு வெடிச்சிருக்கான்னு. நீ செஞ்சது நல்லாத்தான் இருக்கும். ஆனா பாத்துக்கிறேன்."

கோபம் வரவில்லை. வலித்தது. நான் அனுப்பிய எதையும் ஒருநாளும் திருப்பிப் பார்க்காத அக்கா அவள்.

அன்றைக்கே ஒரு மாற்றம் செய்தேன். பச்சை நிறத்துக்குக் கீழே ஒரு வரி. நண்பர்களில் ஒருவன் எதிர்த்தான்: என்னை நம்பாதே என்று சொல்கிற செயலியை எவன் வைத்திருப்பான் என்றான். சொன்னதைச் செய் என்றேன். அந்த வரியைத் தட்டச்சுச் செய்தது மீரா. அரை மணி நேரம் எடுத்தாள், நான் குறுக்கே போகவில்லை.

அடுத்த மழையில் அக்காவே அழைத்தாள். போனில் புதிதாக ஏதோ எழுத்து வந்திருக்கிறது என்றாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி: "பச்ச காட்டினாலும்... வெளிய போயி... மண்ண ஒருக்கா... பாத்துக்குங்க."

வாசித்துவிட்டுக் கேட்டாள்.

"இது நாஞ் சொன்னதுல்ல?"

"நீ சொன்னதுதான்க்கா."

"அப்படியா" என்றாள் அக்கா. "அப்பச் சரி, நம்பலாம்."